நால்வரைப் பெற்ற நற்றாய்: பெர்கமத்து அரசி அப்போலோனிஸ்

முன்னுரை

யவனர் என்று நம் சங்கச் சான்றோர் வழங்கிய சொல்லும், யூனானி என்று ஹக்கீம்கள் தம் மருத்துவத்துக்கு வழங்கும் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. சிறிய ஆசியாவின் மேலைக் கடற்கரையில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த அயோனியா என்னும் நிலப்பகுதியின் பெயரே அவ்விரண்டுக்கும் மூலம். அந்த அயோனியாவுக்கு வடக்கே, கடலிலிருந்து சற்று உள்ளடங்கி, ஒரு குன்றின்மேல் எழுந்த நகரம் பெர்கமம். யூனானி மருத்துவ நூல்கள் ஜாலினூஸ் என்று போற்றும் மருத்துவப் பேரறிஞர் கேலன் கி.பி. 129-இல் பிறந்தது இந்நகரில்தான். எழுதுவதற்குப் பதப்படுத்திய தோலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரும் இந்நகரின் பெயரிலிருந்தே பிறந்தது. இன்று துருக்கி நாட்டில் பெர்காமா என்னும் பெயருடன் விளங்கும் இவ்வூரின் பழம்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2014-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பெர்கமத்தின் நூலகத்தைப் பற்றியும், இப்போது பெர்லின் நகரில் இருக்கும் அதன் மாபெரும் பலிபீடத்தைப் பற்றியும் வரலாற்று மாணவர் அறிவர். ஆயின் அவற்றை எழுப்பிய அரசர்களைப் பெற்று வளர்த்த அன்னையைப் பற்றி அறிந்தோர் சிலரே. அவ்வன்னையின் பெயர் அப்போலோனிஸ். அவர் படை நடத்தியதாகவோ, அரியணையில் அமர்ந்து ஆண்டதாகவோ வரலாறு கூறவில்லை. ஆயினும் அவர் காலத்து வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அவரைத் தனித்து நிறுத்திப் புகழ்கிறார். அப்புகழுக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலச் சூழல்

அப்போலோனிஸின் சிறப்பை உணர வேண்டுமாயின் அவர் வாழ்ந்த காலத்து அரண்மனைகளை முதலில் அறிதல் வேண்டும். மாவீரன் அலெக்சாண்டர் கி.மு. 323-இல் இறந்தபின், அவன் வென்ற நிலங்களை அவனுடைய தளபதிகள் பங்கிட்டுக் கொண்டனர். எகிப்தில் தாலமி மரபும், சிரியா முதலிய கீழை நாடுகளில் செலூக்கஸ் மரபும், மக்கெதோனியாவில் அந்திகோனஸ் மரபும் வேரூன்றின. இம்மரபுகளின் வரலாற்றைப் படிப்போர் போர்க்களங்களில் சிந்திய குருதிக்கு இணையாக வீட்டுக்குள் சிந்திய குருதியையும் காண்பர்.

மூன்று எடுத்துக்காட்டுகள் இங்கே போதும். முதலாம் தாலமியின் மகள் அர்சினோயி, கணவனை இழந்து நின்ற நிலையில், தன் மாற்றாந்தாயின் மகனான தாலமி கெரவுனஸை நம்பி மணந்தாள். அவனோ அவளுடைய இளைய மைந்தர் இருவரையும் கி.மு. 280 அளவில் கொன்றான். செலூக்கஸ் மரபில் இரண்டாம் அந்தியோக்கஸ் கி.மு. 246-இல் இறந்தபோது, அவனுடைய மனைவியர் இருவருக்கும் இடையே எழுந்த அரியணைப் போட்டியில் இளையவளான பெரனிசியும் அவள் குழந்தையும் கொல்லப்பட்டனர். மக்கெதோனியாவில் ஐந்தாம் ஃபிலிப், மூத்த மகன் பெர்சியஸின் பேச்சைக் கேட்டு, இளைய மகன் தெமெத்ரியஸைக் கி.மு. 180-இல் கொல்வித்தான்.

அரசு என்னும் ஒன்று நடுவே வந்து நின்றால் தந்தை, மகன், அண்ணன், தம்பி என்னும் உறவுகள் நில்லா என்பதே அக்காலத்தார் கண்ட பட்டறிவு. இத்தகைய காலத்தில்தான் பெர்கமத்தின் அரண்மனையில் நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். நால்வரும் வளர்ந்து ஆளாகினர். நால்வரும் ஒருவரையொருவர் அழிக்காது வாழ்ந்தனர்.

பிறந்த ஊரும் மணமும்

மர்மரா கடலின் தென்கரையில், இன்றைய எர்தெக் நகருக்கு அருகே இருந்த சைசிகஸ் என்னும் வணிக நகரமே அப்போலோனிஸ் பிறந்த ஊர். அது மன்னர் எவருக்கும் அடிமைப்படாத தன்னாட்சி நகரம். அவருடைய பெற்றோர் அந்நகரின் குடிமக்கள். அரச குலத்தார் அல்லர். அக்காலத்து மன்னர்கள் மணவினையை ஒப்பந்தமாகவே கருதினர். எகிப்து வேந்தன் சிரியா வேந்தனுக்கு மகளைக் கொடுப்பான். சிரியா வேந்தன் கப்பதோசியா வேந்தனுக்குக் கொடுப்பான். ஆயின் பெர்கமத்தின் முதலாம் அட்டாலஸ் ஒரு குடிமகனின் மகளைத் தேடிச் சென்று மணந்தான்.

அட்டாலஸின் குடும்பமும் பழைய அரச குடும்பமன்று. பெர்கமக் கோட்டையில் வைத்த கருவூலத்தைக் காக்க அமர்த்தப்பட்ட ஃபிலெட்டேரஸ் என்பவரே அம்மரபின் முதல்வர். அவருக்கு மக்கள் இல்லை. அவருக்குப்பின் உடன்பிறந்தாரின் மகனான முதலாம் யூமெனிஸும், அவருக்குப்பின் கி.மு. 241-இல் உறவினரான அட்டாலஸும் ஆட்சிக்கு வந்தனர். சிறிய ஆசியாவை அச்சுறுத்திவந்த கலாத்தியரை வென்றபின் அரசன் என்னும் பட்டத்தை அம்மரபில் முதன்முதல் சூடியவர் அட்டாலஸே.

கி.மு. 197-இல் தம் எழுபத்திரண்டாம் வயதில், நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டபின், அட்டாலஸ் காலமானார். அவர் மனைவியிடத்தும் மக்களிடத்தும் மாசற்ற அன்புடன் வாழ்ந்தவர் என்றும், வளர்ந்த மக்கள் நால்வரை விட்டுச் சென்றும் ஆட்சியுரிமையில் பூசல் எழாதவாறு அமைத்துச் சென்றவர் என்றும் பொலிபியஸ் எழுதுகிறார். கணவர் மறைந்தபின் அப்போலோனிஸ் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தார். குடியிற் பிறந்து அரசியான அவர், இறுதிவரை அந்நிலையை வஞ்சகத்தாலோ மயக்கத்தாலோ காத்துக்கொள்ளவில்லை. அடக்கத்தாலும் பெருந்தன்மையாலுமே காத்துக்கொண்டார் என்பது பொலிபியஸ் தரும் கருத்து.

நான்கு மக்கள்

மூத்தவர் யூமெனிஸ்; தந்தைக்குப்பின் இரண்டாம் யூமெனிஸாக முடி சூடியவர். அடுத்தவர் அட்டாலஸ். அவருக்குப்பின் ஃபிலெட்டேரஸ், அத்தீனியஸ் ஆகிய இருவர். மூத்தவர் உடல்நலம் குன்றியவர். ஆயின் உள்ள உரம் மிக்கவர். உடல் வலிமையற்ற ஓர் அரசனுக்கு வலிமை வாய்ந்த மூன்று தம்பியர் இருப்பது அக்காலத்து அரண்மனை எதிலும் பேராபத்தாகவே முடிந்திருக்கும். பெர்கமத்தில் அதுவே அரசின் அரணாயிற்று.

அம்மூவரும் ஆற்றிய பணிகளை நோக்குவோம். அட்டாலஸ் அண்ணனின் தூதராகப் பலமுறை ரோமாபுரிக்குச் சென்றார், படைகளையும் நடத்தினார். அத்தீனியஸும் தூதும் போரும் மேற்கொண்டார். கி.மு. 171-இல் மக்கெதோனியாவின் பெர்சியஸுக்கு எதிராக யூமெனிஸ் புறப்பட்டபோது அட்டாலஸும் அத்தீனியஸும் உடன் சென்றனர். ஃபிலெட்டேரஸ் நாட்டைக் காக்கப் பெர்கமத்தில் நிறுத்தப்பட்டார். தலைநகரைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அரசன் கடல் கடந்து போருக்குச் செல்வது அக்காலத்தில் எளிதில் காணக்கூடியதன்று.

அன்னையின் உள்ளத்தைப் புளூட்டார்க் உடன்பிறப்பன்பு பற்றிய தம் நூலில் நமக்குக் காட்டுகிறார். அப்போலோனிஸ் தம்மைப் பேறுடையவர் என்று கருதி இறைவர்க்கு நன்றி கூறுவது வழக்கமாம். அது செல்வத்துக்காகவோ ஆட்சிக்காகவோ அன்று. தம் மூத்த மகனுக்கு மற்ற மூன்று மக்களும் மெய்காப்பாளராக நிற்பதையும், வாளும் வேலும் ஏந்திய தம்பியர் நடுவே அவன் அச்சமின்றி நாள் கழிப்பதையும் கண்டதற்காக. பிற அரண்மனைகளில் தம்பியின் கையில் உள்ள வாள் அண்ணனின் உறக்கத்தைக் கெடுத்தது. இங்கே அதே வாள் அண்ணனுக்கு உறக்கம் தந்தது. ஒரு தாய்க்கு இதனினும் பெரிய செல்வம் யாது?

சைசிகஸில் ஒரு காட்சி

பித்தினியா மன்னன் புருசியாஸுடன் நடந்த போர் முடிந்தபின், அன்னையும் மக்களும் சைசிகஸ் நகருக்குச் சென்றனர். அது அன்னையின் பிறந்த ஊர். மக்கள் இருவர் தாயைத் தம் நடுவே நிறுத்தி, இரு மருங்கிலும் நின்று அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, பரிவாரத்துடன் கோயில்களையும் நகரத்தையும் சுற்றி வந்தனர். கண்டோர் வாழ்த்தினர்.

அக்காட்சியைக் கண்ட கிரேக்கருக்குக் கிளியோபிஸ், பித்தோன் என்னும் பழைய உடன்பிறந்தார் நினைவுக்கு வந்தனர். ஆர்கோஸ் நகரத்துப் பூசாரியான தாயைத் திருவிழாவுக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்க்க, எருதுகள் வாராமையால், தாமே வண்டியின் நுகத்தைப் பூண்டு இழுத்துச் சென்றவர்கள் அவர்கள். பெர்கமத்து மைந்தர் வண்டி இழுக்கவில்லை; ஆயினும் அரச நிலையில் இருந்துகொண்டு குடிமகள் ஒருத்தியின் மகன்களாகத் தெருவில் நடந்ததால் அவர் செயலும் அதற்கு ஈடாயிற்று என்பது பொலிபியஸ் கருத்தின் சாரம்.

இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அரசியான பெண் தன் எளிய பிறப்பை மறைக்க முயல்வதும், மக்கள் அதனை நினைவூட்ட விரும்பாமையும் உலகில் காணக்கூடியன. இம்மைந்தரோ தாயை அவர் பிறந்த ஊருக்கே அழைத்துச் சென்று, அவ்வூர் மக்கள் கண்முன் அவருக்குப் பெருமை சேர்த்தனர்.

நன்றிக் காணிக்கை

பெர்கமத்தில் தெமெத்தர் என்னும் பயிர்த்தெய்வத்துக்கு உரிய வளாகம் ஒன்று உண்டு. அம்மரபின் முதல்வரான ஃபிலெட்டேரஸும் அவர் உடன்பிறந்தாரான யூமெனிஸும் தம் தாய் போவாவின் பொருட்டு அங்கே கோயில் எழுப்பியிருந்தனர். பின்னாளில் அப்போலோனிஸ் அரசி அவ்வளாகத்தில் தூண் மண்டபங்களையும் அறைகளையும் கட்டுவித்தார். வாயிலில் பொறித்த சிறு கல்வெட்டு, அரசி இவற்றை நன்றிக் காணிக்கையாகத் தெமெத்தருக்கும் அவள் மகளுக்கும் அளித்ததைத் தெரிவிக்கிறது. நன்றி எதற்கு என்று கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. புளூட்டார்க் கூறியதை நினைவிற் கொண்டு படிப்போருக்கு விரித்துரை தேவையுமில்லை.

இரு சோதனைகள்

ஒற்றுமை என்பது இன்பக் காலத்தில் எளிது. சோதனைக் காலத்திலேயே அதன் உண்மை விளங்கும். அப்போலோனிஸ் வளர்த்த மக்களுக்கு அத்தகைய சோதனைகள் இரண்டு வாய்த்தன.

முதலாவது கி.மு. 172-இல் நேர்ந்தது. ரோமாபுரியிலிருந்து திரும்பும் வழியில் டெல்பி நகருக்கு அருகே யூமெனிஸ் மீது பெர்சியஸின் ஆட்கள் பாறைகளை உருட்டித் தாக்கினர். அவர் இறந்தார் என்னும் செய்தி பெர்கமத்தை எட்டியது. அட்டாலஸ் முடியைச் சூடினார். அண்ணனின் மனைவி ஸ்திரத்தோனிசியையும் மணந்தார். பின்னரே யூமெனிஸ் உயிருடன் திரும்புகிறார் என்னும் உண்மை தெரிந்தது. வேறு எந்த அரண்மனையாயினும் அன்றே உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். அட்டாலஸோ முடியைக் களைந்து வைத்துவிட்டு, பழையபடி வேலை ஏந்தி, மற்ற மெய்காப்பாளருடன் அண்ணனை எதிர்கொள்ளச் சென்றார். யூமெனிஸ் தம்பியைத் தழுவிக்கொண்டார். தாம் இறந்ததைக் கண்ணால் காணும்வரை மணத்துக்கு விரைய வேண்டா என்று மட்டும் அவர் காதில் மெல்லக் கூறினாராம். அதன்பின் வாழ்நாள் முழுதும் சொல்லாலும் செயலாலும் ஐயத்தைக் காட்டவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

அட்டாலஸ் சற்று விரைந்துவிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி குறை கூறுவதையும் நாம் மறைத்தல் ஆகாது. தவறே நேராத குடும்பம் இதுவென நாம் கூறவில்லை. நேர்ந்த தவறு பகையாக முற்றாதவாறு ஒருவர் விட்டுக்கொடுத்தார். மற்றவர் பொறுத்துக்கொண்டார் என்பதே இங்கு அறியத்தக்கது.

இரண்டாம் சோதனை இதனினும் கொடிது. பெர்சியஸ் கி.மு. 168-இல் தோற்றபின், வாழ்த்துக் கூற அட்டாலஸ் ரோமாபுரி சென்றார். யூமெனிஸ் மீது ஐயமுற்றிருந்த ரோமானியத் தலைவர் சிலர், அண்ணனின் நாட்டில் ஒரு பங்கைத் தமக்கெனக் கேட்குமாறு தம்பியைத் தூண்டினர். அட்டாலஸின் உள்ளம் ஊசலாடியது. இதனை அறிந்த யூமெனிஸ் படையை அனுப்பவில்லை. ஸ்திரத்தியஸ் என்னும் மருத்துவரை அனுப்பினார். அண்ணன் நலிந்தவர், நாடு நாளை உமக்கே வரும், இன்று அதனைப் பிளந்தால் இருவருமே அழிவீர் என்னும் கருத்தை அம்மருத்துவர் அமைதியாக எடுத்துரைத்தார். மூப்பவையில் பேச எழுந்த அட்டாலஸ் நாட்டுப் பங்கைக் கேளாமலே தம் உரையை முடித்தார்.

சகோதரரைப் பிரித்து ஆள நினைத்த பேரரசின் சூழ்ச்சி ஒரு நல்ல மனிதரின் அறிவுரையால் தோற்றது. பிளவுபடுத்தும் குரல் வெளியிலிருந்து வரும்போது, இணைக்கும் குரல் ஒன்று அருகில் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

யூமெனிஸ் கி.மு. 159-இல் மறைந்தார். அட்டாலஸ் முடி சூடி, ஸ்திரத்தோனிசியை முறைப்படி மணந்தார். தமக்குப் பிறந்த பிள்ளைகளை அரசுரிமைக்கு வளர்க்காது, அண்ணனின் மகனையே வளர்த்துக் கல்வி புகட்டி, தாம் உயிருடன் இருக்கும்போதே அவனுக்கு முடி சூட்டினார் என்பது புளூட்டார்க் கூற்று. கி.மு. 138-இல் அட்டாலஸ் இறந்தபோது அந்த அண்ணன் மகனே மூன்றாம் அட்டாலஸாக ஆண்டான். ஒருகால் தாம் சூடிக் களைந்த முடியைத் தம் மக்களுக்கு வழங்காது, உரியவனிடமே ஒப்படைத்தார் அட்டாலஸ். ஃபிலதெல்ஃபஸ், அதாவது உடன்பிறந்தாரை நேசிப்பவர், என்னும் பெயர் அவருக்கு அமைந்தது. அப்பெயரால் அமைந்த பிலதெல்பியா நகரம் இன்று துருக்கியில் அலாஷெகிர் எனப்படுகிறது. எகிப்திலும் இப்பட்டம் வழங்கியது. ஆனால் அங்கே அது உடன்பிறந்த தாலமியும் அர்சினோயியும் ஒருவரையொருவர் மணந்ததைக் குறித்தது. சொல் ஒன்றே, குடும்பங்கள் வேறு.

கோயிலும் தொகைநூலும்

அப்போலோனிஸ் மறைந்தபின் அவர் மக்கள் சைசிகஸில் அவர் பெயரால் கோயில் எழுப்பினர். அதன் தூண்களில் புடைப்புச் சிற்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் விளக்கும் பத்தொன்பது குறும்பாடல்கள் கிரேக்கத் தொகைநூலின் மூன்றாம் பிரிவாக இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அச்சிற்பங்களில் பெரும்பாலானவை தாய்க்காக மக்கள் ஆற்றிய செயல்களைக் காட்டின. சிறைப்பட்ட தாயை மீட்ட மைந்தர், கொடியவரிடமிருந்து தாயைக் காத்தவர், எரிமலை பொங்கியபோது பெற்றோரைத் தோளில் சுமந்து சென்ற கத்தானா நகரத்து உடன்பிறந்தார், வண்டி இழுத்த கிளியோபிஸ், பித்தோன் ஆகியோர் அவற்றுள் இடம்பெற்றனர். வீரத்தைக் காட்டும் சிற்பங்களால் பெர்கமத்தை நிரப்பிய அரசர்கள், அன்னையின் கோயிலை மட்டும் தாயன்பின் காட்சிகளால் நிரப்பினர்.

சான்றுகளை எடைபோடல்

இப்புகழுரைகளை அப்படியே ஏற்கலாமா என்னும் வினாவை ஆய்வு மாணவர் எழுப்புதல் முறையே. ஹியராபோலிஸ் நகரம் அரசி மறைந்தபோது இயற்றிய தீர்மானம், அவர் தெய்வங்களிடத்துப் பத்தியும், பெற்றோரிடத்து வணக்கமும், கணவரிடத்து மாண்பும், மக்களிடத்து ஒருமைப்பாடும் உடையவராக வாழ்ந்தார் என்று போற்றுகிறது. ஆளப்படும் நகரம் ஆள்வோரைப் புகழ்வது இயல்பு. ஆகவே அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. குடும்ப ஒற்றுமையைப் பறைசாற்றுவது பெர்கமத்து அரசுக்கு ஆதாயமாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் பகைவர் வாக்கு வேறு. ஐந்தாம் ஃபிலிப் தன் மக்கள் பூசலிடுவதைக் கண்டு வருந்தி, யூமெனிஸும் அட்டாலஸும் சிற்றரசைப் பேரரசுகளுக்கு நிகராக உயர்த்தியது உடன்பிறந்தார் ஒற்றுமை ஒன்றாலேயே என்று அறிவுறுத்தியதாக லிவி எழுதுகிறார். பெர்கமத்தின் பகைவனது வாயில் இக்கருத்து வைக்கப்பட்டமை, அவ்வொற்றுமை அக்காலத்தில் எங்கும் அறியப்பட்டதைக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பவை செயல்கள். கி.மு. 197, 159, 138 ஆகிய மூன்று ஆண்டுகளில் முடி கைமாறியது. மூன்று முறையும் உடன்பிறந்தார் குருதி சிந்தவில்லை. புகழுரை பொய்க்கலாம்; இக்கணக்குப் பொய்க்காது.

முடிவுரை

மூன்றாம் அட்டாலஸின் காலத்தில் நிலை மாறியது. அவன் உறவினரையும் நண்பரையும் கொல்வித்தான் என்று பழைய நூல்கள் கூறும். மக்களின்றி கி.மு. 133-இல் இறந்த அவன் தன் நாட்டை ரோமுக்கு எழுதி வைத்தான். அப்போலோனிஸின் மக்கள் வாழ்ந்தவரை உயர்ந்து நின்ற அரசு, அவர்களுக்குப்பின் ஐந்தாண்டுகளே நின்றது.

குடும்பம் என்னும் அடித்தளத்தின்மேல்தான் நாடும் நிறுவனமும் எழுகின்றன. தந்தை மறைந்த வீட்டில் பங்கு பிரிக்கும் நாளில் உடன்பிறந்தார் முகம் பாராது பிரிவதை நம் ஊர்ப் பெரியோர் எத்தனையோ முறை கண்டிருப்பர். பிரிவது ஒரு வேலி நிலத்துக்காகவோ ஒரு கடைக்காகவோ இருக்கலாம். ஒரு நாடே பங்குப் பொருளாக நின்றபோதும் பிரியாத நால்வரை ஒரு குடிமகள் வளர்த்தெடுத்தார். அவர் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. அவர் ஆற்றிய உரை ஒன்றும் இல்லை. அவர் மக்கள் வாழ்ந்த வாழ்வே அவர் எழுதிய நூல். வரலாற்றைப் பயிலும் நம் மாணவ மாணவியர், அரசர்களின் பெயரையும் போர்களின் ஆண்டையும் மனனம் செய்யும்போது, அவ்வரசர்களின் கைகளைப் பற்றிச் சைசிகஸ் நகரத் தெருவில் நடந்த அந்த அன்னையையும் நினைவிற் கொள்வாராக.